வைட்டமினில் ஒட்டிக்கொண்ட தவறு

கேள்வி: நாங்கள் பள்ளியில் 'உயிர்ச்சத்து' என்று படித்தோம். பேரன் 'வைட்டமின்' என்றே படிக்கிறான். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தமே உயிர்ச்சத்துதானா, இல்லை நம்மவர்கள் சொந்தமாக வைத்த பெயரா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: பாதிச் சொல்லுக்கு மட்டும் அது மொழிபெயர்ப்பு. மீதிப் பாதியை நம்மவர்கள் விட்டுவிட்டார்கள். விட்டதும் நல்லதாகப் போயிற்று, அந்த மீதிப் பாதி தவறு.

இந்தச் சொல் பிறந்தது 1912-இல். லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த காசிமிர் ஃபங்க் என்ற போலந்துக்காரர் அரிசித் தவிட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தார். தீட்டிய அரிசியை மட்டுமே தின்று கழுத்து முறுக்கிக்கொண்டு விழும் புறாவுக்குத் தவிட்டுச் சாற்றில் கொஞ்சம் கொடுத்தால் எழுந்து நிற்கிறது. அப்படியானால் தவிட்டுக்குள் ஏதோ இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தார், நைட்ரஜன் உள்ள ஒரு பொருள் கையில் வந்தது. நைட்ரஜன் உள்ள ஒரு வகைச் சேர்மங்களுக்கு வேதியியலில் 'அமைன்' என்று பெயர். லத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர், வாழ்வு. இரண்டையும் சேர்த்து 'வைட்டமைன்' என்றார், உயிருக்கு வேண்டிய அமைன் என்று பொருள். மனிதர்களுக்குக் கால் மரத்துப்போகிற பெரிபெரி மட்டும் இல்லை, ஈறில் ரத்தம் கசிகிற ஸ்கர்வி, தோல் வெடிக்கிற பெலாக்ரா, குழந்தைகளுக்கு எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் எல்லாமே இப்படி உணவில் ஏதோ ஒன்று குறைவதால் வருகிற நோய்கள்தான் என்று அதே கட்டுரையில் எழுதினார். அந்த யோசனை பெரிய யோசனை, பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. குறைகிற அந்தப் பொருள்கள் எல்லாம் அமைன்களாக இருக்கும் என்று நினைத்ததுதான் பிசகு.

இந்த இரண்டு பாதிகளையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம், தோண்டத் தோண்ட வருகிறது. 'வீட்டா'வும் சமஸ்கிருத 'ஜீவ'மும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலார் காட்டுகிறார்கள், கிரேக்க 'பயோஸ்', அதாவது பயாலஜியில் இருக்கிற 'பயோ', அதுவும் அதே குடும்பம். ஆக, நாம் 'ஜீவன் இல்லாமல் கிடக்கிறான்' என்று பேச்சுவாக்கில் சொல்கிற ஜீவனும் வைட்டமினின் முதல் பாதியும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

அடுத்த பாதி இன்னும் விசேஷம். அமைன் வந்தது அம்மோனியாவிலிருந்து. அம்மோனியா வந்தது 'சால் அம்மோனியாக்' என்ற பழைய உப்பின் பெயரிலிருந்து, அதற்கு ஆமோனின் உப்பு என்று பொருள். ஆமோன் எகிப்தியர்களின் தெய்வம், லிபியப் பாலைவனத்தில் அவருக்கு ஒரு கோயில் இருந்தது, அந்தப் பக்கத்து உப்புக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த உப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் ஊரில் அதற்கு நவச்சாரம் என்று பெயர். 'பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே' என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரை நினைவிருக்கிறதா? தரையில் குழி தோண்டி, துருத்தி வைத்து ஊதி, பித்தளை அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றி, வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவித் துணியால் ஒரு தேய் தேய்ப்பார், குப்பென்று வெண்புகை கிளம்பி மூக்கைக் காரும். அந்தப் பொடிதான் நவச்சாரம். மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்குகிற வைட்டமின் மாத்திரையின் பெயருக்குள் எகிப்து சாமி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் அங்கே வந்து சேர்ந்த வழியில் நம் ஈயம் பூசுகிறவரின் பொடியும் இருக்கிறது.

சரி, ஃபங்க் ஏன் தவிட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்? அதைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் கதை நிறைவாகாது.

பெரிபெரி என்ற நோய், ஆங்கில அகராதிகள் சொல்கிறபடி, சிங்களச் சொல்லால் பெயர் பெற்றது. சிங்களத்தில் 'பெரி' என்றால் இயலாது, முடியவில்லை. கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல் போய், கடைசியில் இதயம் நின்றுவிடும். கிழக்காசியா முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோயிற்று. கிருமிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிய காலம், ஏனென்றால் அப்போது எந்த நோய்க்கும் ஒரு கிருமி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கிருமியைப் பிடிக்க 1886-இல் ஜாவாவுக்கு அனுப்பப்பட்ட டச்சு மருத்துவர்களில் ஒருவர் கிறிஸ்டியான் ஐக்மான். படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடியது, சில மாதங்களில் தானாகவே சரியாகியும் விட்டது. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருக்கிறது. ஜூன் 17-இலிருந்து நவம்பர் 27 வரை ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. அப்புறம் வந்த புதுச் சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குக் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். நோயும் நின்றது. ஐக்மான் இதைத் தன் நோபல் உரையிலேயே எழுதியிருக்கிறார், பரிசு 1929-இல் கிடைத்தது. ஆனால் அவரே வெகுகாலம் அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நஞ்சு ஒன்றும் இல்லை, இருக்க வேண்டியது இல்லாமல் போனதுதான் நோய் என்று 1901-இல் தெளிவாகச் சொன்னவர் அவருக்குப் பின் அதே கூடத்தில் வேலை பார்த்த கெரிட் கிரெய்ன்ஸ். அவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இதே சமயத்தில் மலாயாவில் நடந்ததைத் தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அது வரவில்லை என்றே சொல்லலாம். வெயிலும் மழையும் கொசுவும் அங்கேயும் இருந்தன, பட்டினியும் தமிழர்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அப்புறம் என்ன வித்தியாசம்? பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் அரிசியைப் பார்த்தார், 1907-இல் புத்தகமாகவே எழுதினார். சீனர்கள் சயாம் நாட்டிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், 1905-இலேயே நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். கட்டடத்தில் கோளாறு இருக்குமோ என்று நடுவில் இரு பிரிவையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் இடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடுதான் போயிற்று. இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது, இறந்தவர்கள் யாரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புழுங்கல் அரிசியில் என்ன நடக்கிறது என்றால், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படலத்திலும் முளையிலும் இருக்கிற சத்து தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் உமியும் தவிடும் போனாலும் உள்ளே இறங்கியது பெருமளவு தங்கும். சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்டாவில் நெல் அவித்த நாள்கள் நினைவிருக்கின்றன. விடியற்காலையில் அடுப்பு மூட்டுவார்கள், நெல் வாய் பிளக்கிற சமயத்தில் ஒரு மணம் தெருக்கோடி வரை போகும், களத்தில் கொட்டிப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், சூடு உள்ளங்காலில் ஏறும். புழுங்கல் என்றால் அரைக்கும்போது உடையாது, நாள்பட இருக்கும், பசி தாங்கும் என்றுதான் பாட்டி காரணம் சொல்வார். அந்தக் காரணங்களுக்காக அவித்த நெல் கடல் தாண்டிப்போய் உயிரையும் காத்திருக்கிறது. இதை 'முன்னோருக்கு எல்லாம் தெரியும்' என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன், அவர்களுக்கு தையமின் (தவிட்டில் இருக்கிற அந்தச் சத்துக்குப் பின்னால் வந்த பெயர்) தெரியாது. அவர்களுடைய கைவேலை நல்ல கைவேலை, அந்தப் பெருமையே போதுமானது.

இப்போது பெயருக்கு வருவோம். ஃபங்க் கையில் கிடைத்த படிகத்தில் பெரும்பங்கு நிகோடினிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது, அது பெரிபெரியைக் குணமாக்காது. உண்மையான பெரிபெரி மருந்தைத் தவிட்டிலிருந்து சுத்தமாகப் பிரித்தவர்கள் யான்சன், டோனாத் என்ற இரண்டு பேர், 1926-இல், அதே படேவியாவில். அதன் அமைப்பைக் கண்டுபிடித்து 1936-இல் செயற்கையாகச் செய்து காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது எங்கே தெரியுமா, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், 1886-இல், பாப்டிஸ்ட் மிஷனரி வீட்டுப் பிள்ளையாக. நெல் என்றே தொடங்குகிற ஊரில் பிறந்தவர் தவிட்டின் ரகசியத்தை அவிழ்த்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அந்தப் பொருளில் கந்தகம் இருக்கிறது, கிரேக்கத்தில் கந்தகத்துக்கு 'தெயோன்', அதனால் 'தையமின்' ஆயிற்று. இது உண்மையாகவே அமைன்தான். அதாவது ஃபங்க் தேடிய அந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

மற்றவைதான் காலை வாரின. ஏ, சி, டி, ஈ, கே ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், எதிலும் ஒரு நைட்ரஜன் அணுகூடக் கிடையாது. நைட்ரஜன் இல்லாமல் அமைன் ஏது? இந்த அமைப்புகள் எல்லாம் தெரியவருவதற்கு முன்பே, இவை அமைன்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையே என்று ஆட்சேபம் கிளம்பிவிட்டது. ஆனால் சொல் அதற்குள் ஊரெல்லாம் பரவியாயிற்று, பிடுங்கி எறிய முடியாது. 1920-இல் ஜாக் டிரம்மண்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி சொன்னார்: ஆங்கில எழுத்தில் கடைசியில் நிற்கிற 'ஈ'யை மட்டும் எடுத்துவிடுவோம். வேதியியல் வழக்கப்படி 'ஐன்' என்ற ஒலியோடு 'ஈ' எழுத்தில் முடிந்தால் அமைன் போன்ற காரப்பொருள் என்று ஆகும், வெறும் 'இன்' என்று முடிந்தால் அமைப்பு தெரியாத எந்தப் பொருளுக்கும் வைக்கலாம். ஒரே ஒரு எழுத்து உதிர்ந்தது, பிழை பாதி மறைந்தது. 'கொழுப்பில் கரையும் ஏ', 'நீரில் கரையும் பி' என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்ததையும் வைட்டமின் ஏ, வைட்டமின் பி, வைட்டமின் சி என்று சுருக்கியவர் அவர்தான்.

தமிழில் சொல்லாக்கம் செய்தவர்கள் 'உயிர் அமைன்' என்று எழுதியிருந்தால் அந்தப் பிழை இன்றுவரை நம் பாடப்புத்தகத்தில் நின்றிருக்கும். அவர்கள் 'சத்து' என்றார்கள். கேழ்வரகில் சத்து, முருங்கைக்கீரையில் சத்து என்று வீட்டில் புழங்குகிற சொல், எந்த வேதியியல் கொள்கையையும் தலையில் சுமக்காத சொல். அதனால் உங்கள் பேரனிடம் தாராளமாகச் சொல்லுங்கள், நீங்கள் படித்த பெயர் இன்னும் செல்லுபடியாகும் பெயர்தான். அவன் 'வைட்டமின்' என்று படிப்பதிலும் தப்பில்லை, மாத்திரை அட்டையில் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: வைட்டமினா, விட்டமினா? எங்கள் வீட்டில் தினமும் சண்டை.
கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் சரி. அமெரிக்கர்கள் 'வை' என்று தொடங்குவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'வி' என்று குறுக்குவார்கள். இலங்கைத் தமிழர்கள் 'விற்றமின்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பிரிட்டிஷ் உச்சரிப்பின் வழிதான். லத்தீன் மூலத்தில் முதல் எழுத்து நெடில், 'வீட்டா'. ஆகவே யார் ஜெயித்தார்கள் என்று லத்தீனிடம் கேட்டால் இருவருமே இல்லை. வீட்டுக்குள் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: ஏ, பி, சி, டி, ஈ வரை வரிசையாக வந்துவிட்டு நேரே கே-க்குத் தாவுவது ஏன்? நடுவில் இருந்தவை எங்கே?
மருந்துக்கடை ஊழியர், மதுரை

பதில்: கே வரிசைப்படி வந்த எழுத்து இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் 1930-களில் கண்டுபிடித்த சத்து அது, ரத்தம் உறையத் தேவைப்படுவது. டேனிஷிலும் ஜெர்மனிலும் 'கோவாகுலேஷன்' என்ற சொல்லைக் 'கே' எழுத்தில் தொடங்குவார்கள், அந்த முதலெழுத்தையே வைத்துவிட்டார். நடுவில் இருந்தவற்றுக்கு வேறு பெயர்கள் கிடைத்துவிட்டன. எஃப் என்று சொன்னவை கொழுப்பு அமிலங்கள் ஆயின. ஜி என்பது ரிபோஃபிளேவின், இப்போது பி2. ஹெச் என்பது பயோட்டின், ஜெர்மன் மொழியில் தோலுக்கு 'ஹவுட்', அதன் முதலெழுத்து ஹெச். கடைக்கு வருகிறவர்கள் பி காம்ப்ளக்ஸ் போட்டதும் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே என்று பயந்து உங்களிடம் கேட்டிருப்பார்கள், அதற்கும் பதில் ரிபோஃபிளேவின் என்ற பெயரிலேயே இருக்கிறது. லத்தீனில் 'ஃப்ளாவுஸ்' என்றால் மஞ்சள். உடம்புக்கு வேண்டியது போக மிஞ்சியது அந்த நிறத்திலேயே வெளியே வருகிறது, பயப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் என் மகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெயருக்கும் ஏதாவது கதை உண்டா?
இல்லத்தரசி, கோத்தகிரி

பதில்: உண்டு, அதுவும் உங்கள் மலையோடு. லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. 1941-இல் பசலை வகைக் கீரையிலிருந்து, டன் கணக்கில் அரைத்து, கொஞ்சமே கொஞ்சம் பிரித்தெடுத்தார்கள், இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். முதல் பதிலில் நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய தம்பி. இவர் பிறந்தது 1893-இல் ஊட்டியில். பி5 என்கிற பாந்தோதெனிக் அமிலத்தைக் கண்டுபிடித்ததும் இவர்தான், எந்த உயிர்ப்பொருளில் தேடினாலும் அது இருந்ததால் 'எங்கிருந்தும்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார்.

கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முன்னால் பம்பாயில் தெரியவந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1920-களின் கடைசியில் அங்கே வந்து, பஞ்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதற்குள் இருந்தது எது என்று தெரியாமல் 'வில்ஸ் காரணி' என்றே அதைச் சொல்லிவந்தார்கள், அது ஃபோலேட்தான் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) என்று பிறகு விளங்கியது.

கோத்தகிரியிலிருந்து குன்னூர் பக்கம்தானே, அங்கே பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஓர் அறையில் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'பெரிபெரி விசாரணை'. அது வளர்ந்து, 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மகளை மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள், கீரையும் கொடுங்கள், ரொம்ப நேரம் வேகவைக்க வேண்டாம், வேகவைத்த தண்ணீரையும் கொட்ட வேண்டாம், ஃபோலேட் தண்ணீரில் இறங்கிவிடும்.